ஈயமில்லாத ஈயம்

கேள்வி:

ஐயா, தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊர் எனக்கு. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். நண்டு வலை மிதவையில் கட்டும் சின்ன மினுக்கு விளக்கு செய்து தொண்டி, மண்டபம், பாம்பன் கடைகளுக்கு நான்கு வருடமாகப் போடுகிறேன். வீட்டுத் தாழ்வாரத்தில்தான் வேலை. மனைவி, அக்கா, இன்னும் இரண்டு பெண்கள் சால்டரிங் செய்கிறார்கள். இப்போது தூத்துக்குடி ஏற்றுமதிக்காரர் ஒருவர் 2,000 விளக்கு கேட்கிறார். ஐரோப்பாவில் மீன்பிடி சாமான் விற்கும் கடைக்குப் போகிறதாம். "ஆர்ஓஎச்எஸ் உண்டு என்று லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு" என்கிறார். சென்னை ரிச்சி தெருவில் விசாரித்தால், கடைக்காரர் 'ஆர்ஓஎச்எஸ்' என்று அச்சடித்த பச்சை ஸ்டிக்கர் ரோல் ஒன்றை எடுத்துப் போட்டு, "ஒட்டிக்கோ தம்பி, யார் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள்?" என்றார். இத்தனை வருடத்தில் இதற்காக எந்த அதிகாரியும் என் வீட்டுப் படி ஏறியதில்லை. கையெழுத்துப் போடலாமா? ஈயமில்லாத லெட் (சால்டர் கம்பி) விலையும் அதிகம், வைத்தால் மங்கலாகவும் இருக்கிறது, கடலில் தாங்காது என்கிறார்கள். என் அப்பா வலைக்கு ஈயக்குண்டு கோத்தே எழுபது வயதைத் தாண்டிவிட்டார். அதில் இல்லாத ஆபத்து என் விளக்கில் இருக்கும் குன்றிமணி அளவு ஈயத்தில் எங்கிருந்து வந்தது?

(பெயர் வேண்டாம், ராமநாதபுரம் மாவட்டம்)

பதில்:

தம்பி, கையெழுத்தை இப்போதைக்குப் போடாதீர்கள். ஸ்டிக்கரும் வேண்டாம். ஆனால் ஆர்டரை விட்டுவிடவும் வேண்டாம். உங்களுடையது போன்ற சின்ன பொருளை ஒழுங்குக்குக் கொண்டுவர இரண்டு மூன்று மாதம் போதும். அதற்கு முன்னால், அந்தக் கடைக்காரர் சொன்னது பாதி உண்மை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் இருபத்திரண்டு வருடம் சென்னையைச் சுற்றியுள்ள எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் தரக்கட்டுப்பாட்டு வேலை பார்த்தவன். யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை என்பது பெரும்பாலும் சரிதான். அதற்குக் காரணம் அதிகாரிகளின் சோம்பல் மட்டும் என்று நினைத்தால் தவறு. பிரித்துப் பார்த்தாலும் தெரியாத விஷயம் இது.

எழுதும்போது ஆர்ஓஎச்எஸ், தொழிற்சாலையில் வாயில் வருவது 'ரோஸ்'. ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் கொண்டுவந்து, 2006 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்திய, மின்சாமான்களுக்கான சட்டம். ஈயம், பாதரசம், காட்மியம், ஆறிணைதிறக் குரோமியம், தீப்பிடிக்காமலிருக்க பிளாஸ்டிக்கில் கலக்கும் இரண்டு வகை புரோமின் சேர்மங்கள் என ஆறு பொருட்களுக்கு வரம்பு வைத்தார்கள். காட்மியத்துக்கு 0.01 சதவீதம், மற்றவற்றுக்கு 0.1 சதவீதம். 2011இல் சட்டத்தையே மாற்றி எழுதினார்கள். 2019 ஜூலை 22 முதல், பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட் வகையில் நான்கைச் சேர்த்ததால் இப்போது மொத்தம் பத்து.

எந்த அதிகாரியும் வரவில்லை என்கிறீர்கள், நம் நாட்டில் சட்டம் இருக்கிறதா என்ற சந்தேகம் வரும். இருக்கிறது. மின்னணுக் கழிவு விதிகளுக்குள்ளேயே இதுவும் உட்கார்ந்திருக்கிறது. 2011 விதிகளில் வந்து, 2014 மே முதல் நடைமுறைக்கு வந்தது. 2016இல் ஒருமுறை மாற்றினார்கள். இப்போது இருப்பது 2022 விதிகள், 2023 ஏப்ரல் 1 முதல் அமலில். அதில் 16ஆவது விதியைப் படித்துப் பாருங்கள். ஐரோப்பாவின் அதே பழைய ஆறு பொருட்கள், அதே வரம்பு. தாலேட் நம் பட்டியலில் இல்லை. சந்தையில் இருக்கும் சாமான்களை அங்கங்கே எடுத்துச் சோதிக்கும் பொறுப்பு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு.

அப்படியானால் உங்கள் வீட்டுப் படியை ஏன் யாரும் ஏறவில்லை? ஏறவேண்டிய அவசியமே இல்லாமல் இருக்கலாம். குறுந்தொழில் என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு இந்த விதிகள் பொருந்தாது என்று விதியிலேயே விலக்கு இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் அந்த வரையறை இரண்டரைக் கோடி முதலீடு, பத்துக் கோடி விற்றுமுதல் வரை நீண்டுவிட்டது. தாழ்வாரத்தில் ஐந்து பேர் உட்கார்ந்து செய்யும் தொழில் அதைத் தொட எத்தனை தலைமுறை ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த விலக்கு நல்லதா என்று என்னைக் கேட்டால், பாதி நல்லது என்பேன். கைத்தொழில்காரரைக் காகிதத்தால் மூச்சுத் திணற வைக்கவில்லை. ஆனால் நச்சுப் பொருள் சிறு கையில் வந்தால் நச்சு குறைந்துவிடாது. தவிர, நாட்டில் மலிவு விளக்கும் சார்ஜரும் எக்கச்சக்கமாகச் செய்வது இந்த மாதிரிச் சிறு இடங்கள்தாம்.

ஐரோப்பிய சட்டத்தில் இந்தச் சலுகை கிடையாது. ஒரு விளக்கு அனுப்பினாலும் விதி ஒன்றுதான். ஆகவே உங்களைப் பிடிப்பது ராமநாதபுரம் அல்ல, கப்பல் போய்ச் சேரும் துறைமுகம்.

சரி, ஏன் இதைப் பிடிப்பது கஷ்டம்? வரம்பு முழு விளக்குக்கு அல்ல. 'ஒரேசீரான பொருள்' ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. கையாலோ கருவியாலோ அதற்கு மேல் பிரிக்க முடியாத ஒவ்வொரு பொருளும் ஒரு கணக்கு. உங்கள் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வயர் என்பது ஒரு பொருள் அல்ல. உள்ளே செம்பு, அதன்மேல் பூச்சு, வெளியே பிவிசி உறை என மூன்று. எல்இடி ஒன்றைப் பிரித்தால் கால், கால்மேல் முலாம், மூடி, உள்ளே ஒட்டுப்பசை என்று நான்கைந்து. இப்படி எண்ணினால் உள்ளங்கையில் அடங்கும் உங்கள் விளக்கில் முப்பது நாற்பது தேறும். அதில் ஒன்று தவறினாலும் முழு விளக்கும் தவறு. விளக்கை அப்படியே அரைத்துப் பொடியாக்கிச் சோதித்து "ஈயம் 0.02 சதவீதம்தான், பாஸ்" என்று அறிக்கை கொடுக்கிற ஆய்வகங்களும் உண்டு. அந்தக் காகிதம் வடை மடிக்கத்தான் ஆகும்.

அதிகாரி கையில் இருப்பது எக்ஸ்ஆர்எஃப் துப்பாக்கி. பொருள்மேல் வைத்து அழுத்தினால் நிமிடத்தில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று காட்டும். அருமையான கருவி, ஆனால் அதற்குச் சில குருட்டுப் புள்ளிகள். குரோமியம் இருக்கிறது என்று சொல்லும், அது விஷமான ஆறிணைதிற வகையா, சாதுவான மூவிணைதிற வகையா என்று சொல்லாது. புரோமின் இருக்கிறது என்று சொல்லும், தடை செய்யப்பட்ட சேர்மமா, அனுமதித்த சேர்மமா தெரியாது. தாலேட்டைப் பார்க்கவே பார்க்காது. சின்ன சால்டர் புள்ளிமேல் வைத்தால் பக்கத்தில் இருக்கும் ரெசிஸ்டரையும் சேர்த்துப் படித்துவிடும். அந்த ரெசிஸ்டருக்குள் கண்ணாடிப் பூச்சில் இருக்கும் ஈயத்துக்கோ சட்டத்தில் விலக்கு உண்டு! பித்தளையில் 4 சதவீதம் வரை ஈயம் இருக்கலாம், அதற்கும் விலக்கு. உங்கள் பேட்டரி ஸ்பிரிங் பித்தளையாக இருந்து அதில் மூன்று சதவீதம் ஈயம் காட்டினால் குற்றமில்லை. அதே அளவு ஈயம் பக்கத்தில் இருக்கும் சால்டரில் காட்டினால் முப்பது மடங்கு மீறல். ஐரோப்பாவில் இந்த விலக்குகளும் தேதி போட்டுத்தான் தரப்படுகின்றன. புதுப்பிக்காவிட்டால் தானாகக் காலாவதி. போன வருடம் சரியாக இருந்த அதே பொருள் இந்த வருடம் தவறாகலாம்.

பொருள் பல கை மாறி வருவது இன்னொரு தலைவலி. 2001 டிசம்பரில் நெதர்லாந்தில் சோனியின் பிளேஸ்டேஷன் என்ற வீடியோ கேம் கருவி சுமார் 13 லட்சம் பெட்டிகளைத் தடுத்து நிறுத்தினார்கள். ரோஸ் விதி வருவதற்கு முன்பே அந்த நாட்டில் காட்மியத்துக்குத் தனித் தடை இருந்தது. பெட்டிக்குள் இருந்த கருவி அல்ல பிரச்சினை, கூடப் போன வயரின் உறையில் காட்மியம் அதிகம். உலகமே அறிந்த நிறுவனம், தான் செய்யாத ஒரு வயரில் மாட்டிக்கொண்டது.

எனக்கு நேர்ந்தது இதைவிடச் சின்ன கதை. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் (பெயர் வேண்டாம்) வயர்மேல் மாட்டும் சிவப்பு ஸ்லீவ் (உறைக்குழாய்) ஒன்று மூன்று வருடம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. சப்ளையர் கொடுத்த உறுதிமொழிக் கடிதம் ஃபைலில் பத்திரமாக இருந்தது. நானே வாங்கி வைத்தது. ஒருநாள் வெளிநாட்டு வாடிக்கையாளர் தன் பக்கத்தில் சோதித்துவிட்டு முழு லாட்டையும் திருப்பினார். சப்ளையருக்கு ஸ்லீவ் கொடுத்தவர், அவருக்கு நிறப்பொடி கொடுத்தவரை விலை குறைவு என்று மாற்றியிருக்கிறார். சப்ளையருக்கே தெரியாது. கடிதத்தில் தேதி மூன்று வருடம் பழையது. அந்தத் தேதியைப் பார்த்துக் கேள்வி கேட்கவேண்டிய ஆள் நான்தான். ஏழாயிரம் பெட்டியைப் பிரித்து ஸ்லீவ் மாற்றிய அந்த இரண்டு வாரத்தை நான் மறக்கவில்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. முடிந்துபோன பொருளில் தேடிப் பிடிப்பது, கரையில் நின்று கடலில் எத்தனை நண்டு என்று எண்ணுவது மாதிரி. இந்த விதியைக் காப்பாற்ற முடிகிற இடம் ஒன்றே ஒன்று. நீங்கள் சாமான் வாங்கும் கடையின் பில். அங்கே விட்டதை எந்த அதிகாரியாலும், எந்தக் கருவியாலும் முழுதாகத் திரும்பப் பிடிக்க முடியாது.

உங்கள் விளக்குக்கு வருகிறேன். முதலில் சால்டர். நாம் சால்டர் கம்பியை 'லெட்' என்கிறோம், ஊர்ப் பக்கம் 'ஈயம்' என்றே சொல்லிவிடுகிறோம். அதனால்தான் 'ஈயமில்லாத ஈயம்' என்று கேட்டால் கடைக்காரர் சிரிக்கிறார். தமிழில் இரண்டும் வேறு வேறு: காரீயம், வெள்ளீயம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். அதில் காரீயம் கலந்து விற்றால் வயிற்றில் விஷம் என்று நம் பாட்டிமாருக்குத் தெரியும். காகிதத்தில் தேய்த்தால் பென்சில் போல் கருப்பாக இழுத்தால் காரீயம், வளைத்தால் 'கிறீச்' என்று சத்தமிட்டால் வெள்ளீயம் என்று பார்த்து வாங்கியவர்கள் உண்டு. நீங்கள் இப்போது வைத்திருக்கும் 60/40 கம்பியில் அறுபது பங்கு வெள்ளீயம், நாற்பது பங்கு காரீயம். அதாவது வரம்பைப்போல் நானூறு மடங்கு. வேறு எதையும் சோதிக்காமலே இன்றைய விளக்கு தேறாது என்று சொல்லிவிடலாம். கையெழுத்துப் போடாதீர்கள் என்று எடுத்த எடுப்பில் சொன்னது அதனால்தான்.

மாற்று இரண்டு. வெள்ளீயத்தோடு மூன்று சதவீதம் வெள்ளியும் அரை சதவீதம் செம்பும் கலந்த எஸ்ஏசி 305 கம்பி, உருகுநிலை 217 முதல் 220 டிகிரி. வெள்ளி இல்லாமல் 0.7 சதவீதம் செம்பு மட்டும் கலந்தது விலை குறைவு, உருகுநிலை 227. பழைய கம்பி 183இலேயே உருகத் தொடங்கிவிடும். அந்த வித்தியாசம்தான் உங்களைக் குழப்புகிறது. பழைய சூட்டிலேயே புது கம்பியை வைத்தால் ஒட்டாது, உருண்டு நிற்கும். சூடு கட்டுப்படுத்தும் சால்டரிங் ஸ்டேஷன் ஒன்று வாங்கி 350 டிகிரியில் ஆரம்பித்துப் பாருங்கள். 25 வாட் சாதா சால்டரிங் அயர்ன் இதற்கு மூச்சு வாங்கும். மங்கலாக இருப்பது குறையல்ல, ஈயமில்லாத சால்டரின் நிறமே அப்படி. பளபளப்பைப் பார்த்துப் பழகிய கண் புதிதாகப் பழகவேண்டும். கால்களைச் சுற்றிச் சரிவாக ஏறி நனைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கடலில் தாங்காது என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இந்தச் சால்டர் பழையதைவிட விறைப்பானது, சர்க்யூட் பலகை வளைந்தால் வெடிப்பு விடலாம். உங்கள் மிதவை விளக்கில் பலகை கட்டைவிரல் அகலம்தான், நீங்கள் பிசின் ஊற்றி மூடுவீர்கள் என்றால் அங்கே வளைய இடமில்லை. நான் பார்த்தவரை கடலோரத்தில் விளக்கைக் கொல்வது சால்டர் வெடிப்பு அல்ல, உள்ளே புகும் உப்பும் கழுவாமல் விட்ட ஃபிளக்ஸும் (சால்டர் நன்றாக ஒட்டுவதற்காகக் கம்பிக்குள் வரும் ரசாயனம்)தான். ஈயமில்லாத கம்பியில் ஃபிளக்ஸ் வீரியம் கூடுதலாக இருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுப் பிரஷால் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பிசின் ஊற்றுங்கள். சோழகக் காற்று வீசும் நாளில் ஈரக்கையோடு பலகையைத் தொடக்கூடாது என்று உங்கள் வீட்டுப் பெண்களிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டார்கள், விளக்கு திரும்பி வந்தால் கேட்பார்கள்.

அடுத்து கலப்படம், நீங்கள் செய்வதல்ல, தானாக நடப்பது. பழைய முனையையும் பழைய பஞ்சையும் வைத்துக்கொண்டு புது கம்பியில் வேலை செய்தால் என்ன ஆகும்? கணக்கு சொல்கிறேன். ஒரு கிலோ ஈயமில்லாச் சால்டரில் மூன்று கிராம் பழைய 60/40 கலந்தாலே 0.1 சதவீதம் தாண்டிவிடும். ஒரு சால்டர் புள்ளி என்பது சில மில்லிகிராம். முனையில் கண்ணுக்குத் தெரியாத பழைய படலம் போதும், அந்தப் புள்ளி வரம்பைத் தாண்ட. ஆகவே ஏற்றுமதி வேலைக்கு அயர்ன், முனை, பஞ்சு, உறிஞ்சி எல்லாம் தனி. மேசையும் தனி. முடிந்தால் பிடியில் பச்சை டேப் சுற்றிவிடுங்கள். சைவ அசைவப் பாத்திரம் பிரித்து வைப்பது மாதிரிதான். உள்ளூருக்கும் ஈயமில்லாததையே வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. விலை வித்தியாசம் ஒரு விளக்குக்கு எவ்வளவு வருகிறது என்று கம்பியை எடைபோட்டுப் பாருங்கள். நீங்கள் பயப்படும் அளவுக்கு இருக்காது.

இனி திருகு. நம் கடற்கரைக்கே உரிய வம்பு இது. உப்புக் காற்றில் துரு பிடிக்காது என்று கடைக்காரர்கள் தங்க மஞ்சள் நிறத்தில் மினுங்கும் துத்தநாகத் திருகைத் தள்ளிவிடுவார்கள். அந்த மஞ்சள் பெரும்பாலும் ஆறிணைதிறக் குரோமியப் பூச்சு. புற்றுநோய் உண்டாக்கும் வகை. நீலம் கலந்த வெள்ளை நிறத்தில் மூவிணைதிறப் பூச்சு கிடைக்கிறது, ஆனால் அதற்கும் மஞ்சள் சாயம் போட்டு விற்பதுண்டு, ஆகவே நிறத்தை நம்பி முடிவு செய்ய முடியாது. சட்டமே இங்கே கொஞ்சம் தடுமாறியது. வரம்பு எடையில் 0.1 சதவீதம் என்றார்கள். இந்தப் பூச்சோ ஒரு மைக்ரான்கூட இருக்காது. சுரண்டி எடுத்து எடைபோடவே முடியாது. கடைசியில் சோதனைத் தரநிலையில் சதுர சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்று வேறு வழி கண்டுபிடித்தார்கள். உங்களுக்கு இந்த வழக்கே வேண்டாம். 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுத் திருகுக்கு மாறுங்கள். விளக்குக்கு இரண்டு திருகுதானே. கடலுக்கும் அதுதான் நல்லது, காகிதத்துக்கும் அதுதான் நல்லது.

சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு நிற மூடிகளைச் சந்தேகத்தோடு பாருங்கள். அந்த நிறங்களுக்குக் காட்மியம், ஈயம் கலந்த நிறப்பொடிகள் மலிவு. கருப்பு அடிமூடியை வேறு காரணத்துக்காகச் சந்தேகப்படவேண்டும். பழைய டிவி, கணினிக் கூடுகளை அரைத்து வார்த்த பிளாஸ்டிக்காக இருந்தால், தடை செய்த புரோமின் சேர்மங்கள் அதில் தங்கியிருக்கும். கருப்பு நிறம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். புதுப் பிளாஸ்டிக்கில் வார்த்தது என்று எழுதித் தருகிற வார்ப்புக்காரரிடம் வாங்குங்கள். வயர் உறை மென்மையாக வளைந்தால் அதில் தாலேட் இருக்கலாம். மலிவு பிவிசியில் ஈயமும் இருக்கலாம். சிலிக்கோன் உறை வயர் வாங்கினால் இரண்டு கவலையும் பெரும்பாலும் தீரும். ஒன்று கவனம்: தாலேட் தொற்றும். மலிவு பிவிசிப் பையில் மாதக்கணக்கில் போட்டு வைத்தால், சுத்தமான பொருளிலும் அது இறங்கும். பென்சில் பேட்டரி ரோஸ் கணக்கில் வராது, அதற்கு இங்கும் அங்கும் தனி விதிகள். பேட்டரி இல்லாமல் அனுப்ப முடியுமா என்று தூத்துக்குடிக்காரரிடம் கேளுங்கள்.

மொத்தத்தையும் ஆய்வகத்துக்கு அனுப்பத் தேவையில்லை. அனுப்பினால் 2,000 விளக்கின் லாபம் அங்கேயே கரைந்துவிடும். ஐஇசி 63000 என்ற தரநிலை சொல்வதும் அதுதான். ஒவ்வொரு பொருளிலும் தடைப் பொருள் இருக்க வாய்ப்பு எவ்வளவு, கொடுப்பவரை எவ்வளவு நம்பலாம் என்று பார்த்து, அதற்கு ஏற்ற காகிதம் வாங்கு என்கிறது. எல்இடி, ஐசி, ரெசிஸ்டர் போன்றவற்றைப் பெயருள்ள தயாரிப்பாளர் பொருளாக, அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் வாங்கினால் அவர்கள் தளத்திலேயே பொருள் எண் வாரியாக அறிக்கை இருக்கும். இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ரிச்சி தெருவில் டப்பாவிலிருந்து அள்ளிப் போடும் ரெசிஸ்டருக்கு அந்த அறிக்கை கிடைக்காது. ரிச்சி தெருவைக் குறை சொல்லவில்லை, நானும் அங்கே அலைந்து படித்தவன்தான். பழுது பார்க்க அது சொர்க்கம். ஆனால் கையெழுத்துப் போட்டு அனுப்பும் வேலைக்கு அந்தப் பில் துணை நிற்காது.

அப்புறம் மிஞ்சுவது மூடி, வயர், ஸ்லீவ், முடிந்த சால்டர். இவற்றை மட்டும் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஹைதராபாத்தில் மத்திய அரசின் சி-மெட் நிறுவனத்தில் இதற்கென்றே ஆய்வகம் இருக்கிறது. சென்னை, பெங்களூருவில் தனியாரும் உண்டு. அறிக்கை வந்தால் உங்கள் சாமானின் படம், தேதி, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி அளவு இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பாவுக்கு என்றால் பத்துப் பொருளும் இருக்கவேண்டும். ஆறு மட்டும் பார்த்துவிட்டு 'ரோஸ் சான்றிதழ்' என்று தங்கக் கரை போட்ட காகிதம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அரசு கொடுக்கும் ரோஸ் சான்றிதழ் என்று ஒன்று நம் நாட்டிலும் இல்லை, ஐரோப்பாவிலும் இல்லை. தயாரிப்பவரே பொறுப்பேற்றுச் சொல்லும் உறுதிமொழிதான் எல்லாம். அந்தப் பச்சை ஸ்டிக்கருக்கும் சட்டத்தில் இடமில்லை. ஐரோப்பாவில், பொருள் அங்குள்ள விதிகளுக்கு உட்பட்டது என்று தயாரிப்பவர் போடும் சிஇ குறிக்குள்ளேயே இதுவும் அடக்கம். சீனச் சாமான்மேல் ஆரஞ்சு வட்டத்துக்குள் 10 என்று எண் போட்ட குறியைப் பார்த்திருப்பீர்கள். அது ரோஸ் முத்திரை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கு அர்த்தம் நேர் எதிர்: தடைப் பொருள் வரம்புக்கு மேல் உள்ளே இருக்கிறது, பத்து வருடத்துக்கு வெளியே கசியாது என்று சொல்கிறது. பிஐஎஸ் (இந்தியத் தர அமைப்பு) பதிவும் வேறு விஷயம், அது மின் பாதுகாப்புக்கு.

தூத்துக்குடிக்காரரிடம் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: விளக்கு யார் பெயரில் போகிறது? அவர் தன் பிராண்டு பெயரைப் போட்டு விற்றால் ஐரோப்பியச் சட்டத்தின் கண்ணில் தயாரிப்பாளர் அவர்தான். உறுதிமொழியும் தொழில்நுட்பக் கோப்பும் அவர் பொறுப்பு, பத்து வருடம் வைத்திருக்கவேண்டியதும் அவரே. நீங்கள் கொடுக்கவேண்டியது, என்னென்ன பொருள், எங்கே வாங்கியது, என்ன சோதனை என்ற விவரம் மட்டும். உங்கள் பெயரில் போனால் எல்லாம் உங்கள் தலையில். "லெட்டர்பேடில் கையெழுத்துப் போட்டுக் கொடு" என்பவர் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறார். வெளிநாட்டில் விளக்கு மாட்டிக்கொண்டால் உங்கள் கடிதத்தை எடுத்து நீட்டுவார்.

இப்படி எழுதிக் கொடுங்கள்: "கீழே குறித்த லாட் எண் கொண்ட 2,000 விளக்குகளுக்கு, இணைத்துள்ள பட்டியலில் உள்ள பொருட்களையே பயன்படுத்தியுள்ளோம். தயாரிப்பாளர் அறிக்கைகளும் சோதனை அறிக்கைகளும் இணைப்பில் உள்ளன. பொருளையோ அதைக் கொடுப்பவரையோ மாற்றினால் முன்கூட்டித் தெரிவிப்போம்." இதில் நீங்கள் அறியாத எதற்கும் பொறுப்பேற்கவில்லை. லாட் எண் என்றால் பெரிய கணினி வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் இந்தத் தேதியில் செய்த விளக்கில் இந்த பில் வயர், இந்த பில் கம்பி என்று எழுதி, விளக்கின் உள்ளே ஒரு எண்ணை மார்க்கரால் எழுதினால் போதும். வாங்கிய ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைக் கவரில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். அந்தச் சிவப்பு ஸ்லீவ் வழக்கில் என்னிடம் பழைய துண்டு ஒன்று இருந்திருந்தால், எந்த லாட்டிலிருந்து மாறியது என்று ஒரு மணி நேரத்தில் சொல்லியிருப்பேன். ஏழாயிரத்தையும் பிரித்திருக்கவேண்டாம்.

உங்கள் அப்பாவின் ஈயக்குண்டு கேள்வியைக் கடைசிக்கு வைத்தேன், அதுதான் கஷ்டமானது. நியாயமான கேள்வி. ஒரு வலையில் இருக்கும் ஈயம் உங்கள் 2,000 விளக்கில் இருக்கும் ஈயத்தைவிட அதிகம். ரோஸ் அதைத் தொடாது, ஏனென்றால் அது மின்சாமான் அல்ல. சட்டம் அப்படித்தான், ஒரு மூலையைப் பிடித்து இழுத்து ஆரம்பிக்கிறது. பிரிட்டனில் அன்னப்பறவைகள் தூண்டில் ஈயத்தை விழுங்கிச் செத்ததால் 1987இல் சின்னத் தூண்டில் ஈயக்குண்டு விற்பதைத் தடுத்தார்கள். ஆக அங்கேயும் ஈயக்குண்டு கேள்விக்குத் தப்பவில்லை. உங்கள் அப்பா நன்றாக இருப்பது சந்தோஷம். ஈயத்தால் அதிகம் அடிபடுவது எழுபது வயதுக்காரர் அல்ல, தவழும் குழந்தை. இவ்வளவு வரை பாதுகாப்பு என்று சொல்லும்படியான அளவே ஈயத்துக்கு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வளரும் மூளையை அது தாக்குகிறது, வெளியே ஒன்றும் தெரியாது.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய வார்த்தை 'தாழ்வாரம்'. சால்டரிங் சூட்டில் ஈயம் ஆவியாவது மிகக் குறைவு. மூக்கை எரிக்கும் அந்தப் புகை ஃபிளக்ஸ், அது ஆஸ்துமாவைக் கிளப்பும். ஈயம் உடம்புக்குள் போவது கைவழியாக. கம்பி பிடித்த கையோடு டீ டம்ளர், முறுக்கு, பிள்ளையின் கன்னம். தரையில் விழும் பொடித் துளிகள் துடைப்பத்தோடு வீடெல்லாம் போகும், தவழும் பிள்ளை அதை வாயில் வைக்கும். அந்தப் பெண்களில் யாராவது கர்ப்பமாக இருந்தால் இன்றைக்கே அந்த மேசையை விட்டு எழுப்புங்கள். மற்றவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிடக்கூடாது. ஈரத்துணியால் மேசையையும் தரையையும் துடைக்கவேண்டும், கூட்டக்கூடாது. வீட்டில் ஈயக்குண்டு உருக்கும் வழக்கம் இருந்தால் அதையும் பிள்ளைகள் இருக்கும் இடத்திலிருந்து தள்ளுங்கள். ஐரோப்பாக்காரர் கேட்கிறார் என்பதற்காக அல்லாமல், இந்த ஒரு காரணத்துக்காகவே கம்பியை மாற்றலாம் என்பது என் எண்ணம்.

அந்த விளக்குகளில் எத்தனை வலையோடு அறுந்து கடலுக்குள் போகின்றன என்று நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கே தெரிந்திருக்கும். அவை இறங்குவது நண்டும் இறாலும் மேயும் அதே சேற்றில்.

செய்யவேண்டிய வரிசை: முதலில் கம்பியும் அயர்னும். பிறகு திருகு, மூடி, வயர். புதுச் சாமானில் இருபது விளக்கு செய்து, ஒரு மாதம் உங்கள் ஊர்ப் படகிலேயே வலையில் கட்டிப் போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு ஆய்வகம், அதற்கும் பிறகு கையெழுத்து. தூத்துக்குடிக்காரர் அவசரப்படுத்தினால் மேலே சொன்ன பெயர்க் கேள்வியைக் கேளுங்கள், அவசரம் குறையும். பழைய 60/40 கம்பியைத் தூக்கி எறியாதீர்கள், உள்ளூர் ரேடியோ பழுதுக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் புதுக் கம்பி இருக்கும் அலமாரியில் வைக்கக்கூடாது. ஆய்வக அறிக்கை வந்ததும், சிவப்பு மூடிக்கு என்ன வந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.